சியோல் அட்டவணையும் 24 வீராங்கனைகளும்: கோரிலேஷன் போதுமா, ரிக்ரெஷன் வேண்டுமா?

உடற்கல்வியியல் படிக்கும் தம்பி ஒருவன் தன் ஆய்வறிக்கைக்கான கணக்குகளோடு அவ்வப்போது என்னிடம் வருவான். இந்த முறை அவன் கேட்டது: "அண்ணா, கோரிலேஷன் போட்டுட்டேன், பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துடுச்சு. இதுக்கு மேல ரிக்ரெஷனும் போடணுமா, இல்ல இதோட விட்டுடலாமா?" கோரிலேஷன் என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதை மைனஸ் 1 முதல் 1 வரை சொல்லும் எண். ரிக்ரெஷன் ஓர் அளவை வைத்து மற்றதைக் கணிக்கும் கோட்டைத் தரும். பி மதிப்பு என்பது, உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு வலுவான தொடர்பு தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பது.

வாயால் விளக்குவதைவிட உண்மையான தரவு ஒன்றை எடுத்து இரண்டையும் போட்டுக் காட்டுவதே நல்லது என்று தோன்றியது. அவன் கல்லூரித் தரவு அவனுடையது, அதை நான் இங்கே பயன்படுத்த முடியாது. அதனால் எல்லோருக்கும் கிடைக்கும் ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டேன். 1988 சியோல் ஒலிம்பிக்கின் பெண்கள் ஹெப்டத்லான் முடிவுகள் அவை. ஆர் மென்பொருளில் ஒரு புள்ளியியல் பாடநூலுக்கான தொகுப்போடு சேர்ந்தே வரும் அட்டவணை இது. 25 வீராங்கனைகள், ஏழு போட்டிகள், கடைசிப் பத்தியில் மொத்தப் புள்ளி. முதல் வரிசையில் அமெரிக்காவின் ஜாக்கி ஜாய்னர் கெர்ஸி, 7291 புள்ளி. இன்றுவரை யாரும் தாண்டாத உலக சாதனை அது.

ஹெப்டத்லான் இரண்டு நாள் போட்டி. முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர். இரண்டாம் நாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர். இந்த வரிசை பின்னால் ஓரிடத்தில் உதவும்.

முதலில் தரவைச் சோதித்தேன்

எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் அட்டவணை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஹெப்டத்லானில் அதற்கு அருமையான வசதி உண்டு. மொத்தப் புள்ளி என்பது ஏழு செயல்திறன்களிலிருந்து சூத்திரம் வழியாக வருவது. தடை ஓட்டத்துக்கு, 26.7இலிருந்து ஓடிய நேரத்தைக் கழித்து, அதை 1.835 அடுக்குக்கு உயர்த்தி, 9.23076ஆல் பெருக்க வேண்டும். நீளம் தாண்டுதலுக்கு, சென்டிமீட்டரில் 210ஐக் கழித்து, 1.41 அடுக்குக்கு உயர்த்தி, 0.188807ஆல் பெருக்க வேண்டும். தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மற்ற ஐந்துக்கும் இதே மாதிரி சூத்திரங்கள் உண்டு.

லிபரே ஆஃபீஸ் கால்க் விரிதாளில் ஏழு பத்திகளுக்கு ஏழு சூத்திரம் போட்டு இழுத்துவிட்டேன். கெர்ஸியின் வரிசை: 1172, 1054, 915, 1123, 1264, 776, 987. கூட்டினால் 7291. அச்சு அசலாகப் பொருந்தியது. சூத்திரம் சரி.

நான்காவது வரிசையில் தடங்கல். சோவியத் வீராங்கனை சப்லோவ்ஸ்கைட்டுக்கு அட்டவணை 6540 என்கிறது. என் கணக்கில் 6456தான் வருகிறது. அதற்கு அடுத்த வரிசையில் இருப்பவரும் சோவியத் வீராங்கனை, அவருக்கும் 6540. அவருடையதைக் கணக்கிட்டால் சரியாக 6540 வந்தது. ஆக, கீழ் வரிசையின் எண் மேல் வரிசையிலும் ஏறிவிட்டது. அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலிலும் சப்லோவ்ஸ்கைட்டுக்கு 6456தான்.

பன்னிரண்டாவது வரிசை இன்னும் மோசம். பல்கேரியாவின் டிமிட்ரோவாவுக்கு அட்டவணைப்படி 6171, கணக்குப்படி 6372. 201 புள்ளி வித்தியாசம். என்ன என்று உற்றுப் பார்த்தால், குண்டு 12.88, 200 மீட்டர் 23.59, நீளம் 6.37, ஈட்டி 40.28, 800 மீட்டர் 132.54 வினாடி. இதே ஐந்து எண்களும் ஏழாவது வரிசையில் ஆஸ்திரேலியாவின் ஃப்ளெமிங்கிடம் அப்படியே இருக்கின்றன. இரண்டு பேர் ஐந்து போட்டிகளில் கடைசி தசமம் வரை ஒரே மாதிரி செய்ய வாய்ப்பே இல்லை. ஃப்ளெமிங்கின் எண்களைக் கூட்டினால் 6351, அட்டவணையிலும் 6351. எனவே அந்த எண்கள் ஃப்ளெமிங்குடையவை. டிமிட்ரோவாவின் வரிசையில் அவை நகலாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

எத்தனையோ வகுப்புகளில் பயன்படும் அட்டவணை இது. கோரிலேஷன் கட்டளை இதையெல்லாம் பார்த்து எதுவும் சொல்லாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் துப்பிவிடும். டிமிட்ரோவாவின் வரிசையை நீக்கினேன். சப்லோவ்ஸ்கைட்டின் வரிசையில் மொத்தம் மட்டும்தான் தவறு, மொத்தத்தை நான் பயன்படுத்தப் போவதில்லை, அதனால் அவர் இருக்கட்டும். மீதி 24 பேர்.

மொத்தப் புள்ளியை ஏன் ஒதுக்கினேன் என்றால், தடை ஓட்ட நேரத்துக்கும் மொத்தப் புள்ளிக்கும் கோரிலேஷன் போட்டு "மிக வலுவான தொடர்பு" என்று எழுதும் அறிக்கைகள் நிறைய. தடை ஓட்டப் புள்ளி மொத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பகுதியை முழுமையோடு ஒப்பிட்டால் தொடர்பு வராமல் எங்கே போகும்?

தடை ஓட்டமும் நீளம் தாண்டுதலும்

இரண்டுக்குமே ஓட்ட வேகம் அடிப்படை. முதலில் சிதறல் வரைபடம். கிடை அச்சில் தடை ஓட்ட நேரம், செங்குத்து அச்சில் தாண்டிய நீளம். புள்ளிகள் இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகின்றன. நேரம் குறைவாக இருந்தால்தான் நல்லது என்பதால் கோரிலேஷன் எண் மைனஸில் வரும். தம்பி இதைப் பார்த்ததும் "எதிர்மறைத் தொடர்பா அண்ணா?" என்று முகம் சுளித்தான். வேகமாக ஓடுபவர் நீளமாகத் தாண்டுகிறார், அவ்வளவுதான்.

வரைபடத்தின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் தன்னந்தனியாக நின்றது. பாப்புவா நியூ கினியா வீராங்கனை. தடை ஓட்டம் 16.42 வினாடி, நீளம் 4.88 மீட்டர். மற்ற யாருமே 15 வினாடியைத் தொடவில்லை. அவரை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, 23 பேரோடு தொடங்குகிறேன். அவரைப் பற்றி அப்புறம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

23 பேருக்குக் கோரிலேஷன் எண் மைனஸ் 0.89. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 0.76 முதல் 0.95 வரை, குறி மைனஸ்தான். பி மதிப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படும் டி மதிப்பு மைனஸ் 9.13.

அதே 23 பேருக்கு ரிக்ரெஷன். சாய்வு மைனஸ் 0.71. அதாவது தடை ஓட்டத்தில் ஒரு வினாடி மெதுவானவர் சராசரியாக 71 சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டியிருக்கிறார். நம்பிக்கை இடைவெளி 55 முதல் 87 சென்டிமீட்டர். சாய்வுக்கான டி மதிப்பும் மைனஸ் 9.13.

இந்த இடத்தில் தம்பியை நிறுத்திக் காட்டினேன். இரண்டு டி மதிப்பும் ஒன்றேதான், தற்செயலாக அமைந்தது இல்லை. இரண்டே மாறிகள் இருக்கும்போது "கோரிலேஷன் சுழியா?" என்ற சோதனையும் "சாய்வு சுழியா?" என்ற சோதனையும் இயற்கணிதத்தில் ஒரே சோதனைதான். பி மதிப்பும் ஒன்றாகத்தான் வரும். ஆகவே "கோரிலேஷனில் பி மதிப்பு வந்துவிட்டது, ரிக்ரெஷனிலும் வருகிறதா பார்ப்போம்" என்று செய்வது ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. சில ஆய்வறிக்கைகளில் இரண்டையும் தனித்தனி அட்டவணையாகப் போட்டு, ஒன்று மற்றொன்றை உறுதிப்படுத்துவதாக எழுதியிருப்பார்கள். பக்கம்தான் கூடுகிறது.

பி மதிப்பு இரண்டிலும் ஒன்று என்றால் வித்தியாசம் எங்கே? மீட்டர், வினாடி என்ற அலகுகளில்தான். கோரிலேஷன் எண்ணுக்கு அலகு கிடையாது. 0.89 என்பதை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஒன்றும் செய்ய முடியாது. "ஒரு வினாடிக்கு 71 சென்டிமீட்டர்" என்பதை மைதானத்துக்கு எடுத்துப் போகலாம். அதைவிட முக்கியமான இன்னோர் எண்ணும் ரிக்ரெஷனில் வருகிறது. கோட்டைச் சுற்றி ஆட்கள் எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்பதுதான் அது. இங்கே 19 சென்டிமீட்டர்.

அதை வைத்து ஒரு கணிப்பு போட்டுப் பார்த்தோம். முதல் நாள் தடை ஓட்டத்தில் 13.50 ஓடிய ஒருவர் மறுநாள் எவ்வளவு தாண்டுவார்? கோடு சொல்வது 6.38 மீட்டர். ஆனால் தனி ஒருவருக்கான 95 சதவீதக் கணிப்பு இடைவெளி 5.98 முதல் 6.78 வரை. இந்தப் பக்கம் 40, அந்தப் பக்கம் 40. சியோலின் இந்தப் பட்டியலில் 5.98 தாண்டியிருந்தால் கடைசி சிலரில் ஒருவர். 6.78 தாண்டியிருந்தால் கெர்ஸிக்கு அடுத்த இடம். 0.89 என்ற பளபளப்பான எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் இரண்டாவதா, கடைசி வரிசையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கேட்டால், கோரிலேஷன் எண்ணை அச்சிடும் ஒவ்வொரு விளையாட்டு அறிவியல் கட்டுரையும் பக்கத்திலேயே இந்த இடைவெளியையும் அச்சிட வேண்டும். பாதி ஆரவாரம் அடங்கிவிடும்.

கெர்ஸியின் 12.69க்குக் கோடு சொல்வது 6.95. அவர் தாண்டியது 7.27. அதே ஒலிம்பிக்கில் சில நாள் கழித்து நீளம் தாண்டுதல் தனிப்போட்டியில் 7.40 தாண்டித் தங்கம் வாங்கியவர், கோட்டுக்கு அடங்குவாரா என்ன.

ஒரே ஒருவர்

இப்போது பாப்புவா நியூ கினியா வீராங்கனையைத் திரும்பச் சேர்க்கிறேன். மூன்று ஜோடிகளில் சேர்த்தும் நீக்கியும் பார்த்தேன், மூன்றும் மூன்று விதமாக நடந்தன.

முதல் ஜோடி உயரம் தாண்டுதலும் 800 மீட்டரும். அவரோடு சேர்த்து 24 பேருக்குக் கோரிலேஷன் மைனஸ் 0.59, பி மதிப்பு 0.01க்கும் கீழே. "உயரம் தாண்டும் திறனுக்கும் நடுத்தூர ஓட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு" என்று எழுதி, காரணம் தேடி இரண்டு பத்தி வளர்த்துவிடலாம். அவரை நீக்கினால் மைனஸ் 0.15, பி மதிப்பு ஏறக்குறைய 0.5. தொடர்பு மொத்தமும் ஒரே ஆளிடம் இருந்தது. அவர் உயரம் 1.50, மற்றவர்களில் குறைந்தது 1.68. அவர் 800 மீட்டர் 163.43 வினாடி, மற்றவர்களில் மெதுவானது 146.67. வரைபடத்தில் பார்த்தால் ஒரு பக்கம் எந்த வடிவமும் இல்லாத மேகம், எதிர் மூலையில் ஒரு புள்ளி. மேகத்தின் நடுவையும் அந்தப் புள்ளியையும் இணைத்துக் கோடு போட்டால் அதற்குத்தான் 0.59 என்று பெயர்.

இரண்டாவது ஜோடி தடை ஓட்டமும் ஈட்டி எறிதலும். இங்கே தலைகீழ். அவரோடு சேர்த்தால் கோரிலேஷன் மைனஸ் 0.02, அதாவது ஒன்றுமே இல்லை. நீக்கினால் மைனஸ் 0.35. பி மதிப்பு 0.05க்குக் கீழே போகவில்லை, ஆனாலும் சுழி இல்லை. காரணம் அவர் ஈட்டியை 46.38 மீட்டர் எறிந்திருக்கிறார். மொத்தத்தில் கடைசியாக வந்தவர், ஈட்டியில் இந்தப் பட்டியலிலேயே மூன்றாவது. உலக சாதனை படைத்த கெர்ஸியே 45.66தான். விலகல் புள்ளி என்று சொல்லி ஒருவரைத் தூக்கி எறிவதற்கு முன் அவருடைய எல்லாப் பத்திகளையும் பாருங்கள் என்று தம்பியிடம் சொன்னதற்கு இதுதான் காரணம். அவர் தவறான தரவு இல்லை. ஓடினார், தாண்டினார், எறிந்தார், இரண்டு நாளும் நின்று முடித்தார். டிமிட்ரோவாவின் வரிசையை நீக்கியதும் இவரை நீக்கிப் பார்ப்பதும் ஒன்றில்லை. அது எழுத்துப் பிழை. இது உண்மையான மனிதர். அதனால் அறிக்கையில் இரண்டு கணக்கையும் போட வேண்டும், ஒன்றை மறைக்கக் கூடாது.

மூன்றாவது ஜோடி முன்பு பார்த்ததே, தடை ஓட்டமும் நீளம் தாண்டுதலும். தம்பியின் கேள்விக்கு நேரடியான பதில் இதில்தான் கிடைத்தது. அவர் இல்லாமல் கோரிலேஷன் மைனஸ் 0.89. சேர்த்தால் மைனஸ் 0.91. கோரிலேஷனை மட்டும் பார்க்கிறவர் "ஒன்றும் மாறவில்லை, இன்னும் கொஞ்சம் நன்றாகத்தான் ஆகியிருக்கிறது" என்று போய்விடுவார். சாய்வைப் பாருங்கள். 0.71 இருந்தது 0.59 ஆகிவிட்டது. ஒரு வினாடிக்கு 71 சென்டிமீட்டர் என்று சொன்னது 59 ஆகிவிட்டது. சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்தவர் இலேசாக அசைந்தாலே பலகை சாய்வதைப் போல, கிடை அச்சில் சராசரியிலிருந்து அத்தனை தூரம் தள்ளி நிற்பவர் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறார். தடை ஓட்ட நேரங்களின் விலக்க வர்க்கக் கூட்டுத்தொகை (ஒவ்வொரு நேரமும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டியது) 5.84இலிருந்து 12.65க்கு ஏறியது. இருமடங்குக்கும் மேல், ஒரே ஆளால்.

23 பேரின் கோட்டை அவர் வரை நீட்டினால் அவர் 4.31 மீட்டர் தாண்டியிருக்க வேண்டும். அவர் தாண்டியது 4.88. கோடு சொன்னதைவிட 57 சென்டிமீட்டர் கூடுதல். உறவு நேர்கோடாகவே அவ்வளவு தூரம் போகாது என்பதற்கு இது ஓர் அடையாளமாக இருக்கலாம். ஒரே புள்ளியை வைத்து அதற்கு மேல் எதையும் சொல்லிவிட முடியாது. தடை ஓட்டம் 12.69 முதல் 14.85 வரை ஓடியவர்களுக்கு 0.71 என்று எழுதி, அந்த எல்லையையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மையானது.

எது எதைக் கணிக்கிறது

கோரிலேஷனில் இரண்டு மாறிகளையும் இடம் மாற்றினாலும் அதே எண்தான். ரிக்ரெஷனில் அப்படி இல்லை. நீளத்தை வைத்துத் தடை ஓட்ட நேரத்தைக் கணிக்கும் கோட்டைப் போட்டேன். ஒரு மீட்டருக்கு 1.13 வினாடி என்று வந்தது. இதைத் தலைகீழாக்கினால் ஒரு வினாடிக்கு 89 சென்டிமீட்டர். முதலில் வந்ததோ 71. ஒரே தரவு, இரண்டு கோடு. முதல் கோடு நீளத்தில் வரும் பிழையைக் குறைக்கிறது. இரண்டாவது கோடு நேரத்தில் வரும் பிழையைக் குறைக்கிறது. இரண்டு சாய்வையும் பெருக்கினால் 0.80, அதுதான் கோரிலேஷன் எண்ணின் வர்க்கம். கோரிலேஷன் 1 அல்லது மைனஸ் 1 ஆக இருந்தால் மட்டுமே இரண்டு கோடும் ஒன்றாகும்.

இங்கே எந்தக் கோட்டை எடுப்பது என்பதில் குழப்பம் இல்லை. தடை ஓட்டம் முதல் நாள், நீளம் தாண்டுதல் இரண்டாம் நாள். முன்னால் தெரிந்ததை வைத்துப் பின்னால் வருவதைக் கணிக்கிறோம். பல ஆய்வுகளில் இப்படி இயற்கையான வரிசை இருக்காது. கைப்பிடி வலிமையும் குண்டு எறியும் தூரமும் ஒரே காலையில் அளந்தவை என்றால், எதை எந்த அச்சில் வைப்பது என்பதை ஆய்வுக் கேள்வி தீர்மானிக்க வேண்டும். கணிக்க எதுவுமே இல்லை, இரண்டும் சேர்ந்து போகின்றனவா என்பதுதான் கேள்வி என்றால் கோரிலேஷன் போதும், அதோடு விட்டுவிடலாம். அப்போதும் நம்பிக்கை இடைவெளியோடு எழுத வேண்டும்.

குழு மாறினால் என்ன ஆகும்

தம்பியின் அடுத்த கேள்வி நல்ல கேள்வி. "பெரிய ஆய்வில 0.9 வருது, எங்க டீம்ல போட்டா 0.5தான் வருது. நான் அளந்தது தப்பா?"

சியோல் அட்டவணையிலேயே இதைச் செய்துபார்த்தோம். தடை ஓட்டம் 13.3 முதல் 14.1 வினாடிக்குள் ஓடிய 14 பேரை மட்டும் எடுத்தேன். கெர்ஸி போன்ற உச்சத்தினரும் இல்லை, மெதுவானவர்களும் இல்லை. கோரிலேஷன் மைனஸ் 0.89இலிருந்து மைனஸ் 0.56க்கு விழுந்தது. அளவிட்டவர் அதே ஆள், கருவி அதே கருவி. ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாடு குறைந்தது, அதனால் கோரிலேஷனும் குறைந்தது. கோட்டைச் சுற்றிய சிதறல் 13 சென்டிமீட்டர், அது ஒன்றும் கூடவில்லை, குறைந்தே இருக்கிறது. சாய்வு 0.41 என்று வந்தது, ஆனால் அதன் நம்பிக்கை இடைவெளி 0.03 முதல் 0.78 வரை விரிந்து கிடக்கிறது. முன்பு வந்த 0.71 அதற்குள்ளேயே இருப்பதால், இந்த 14 பேரின் உறவு வேறு என்று சொல்ல ஆதாரம் இல்லை. 14 பேரை வைத்துக்கொண்டு சாய்வை இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை.

ஒரு கல்லூரி அணி என்பதே இப்படித் தேர்ந்தெடுத்த குறுகிய கூட்டம்தான். 12 நிமிட ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கென்னத் கூப்பர் 1968இல் அமெரிக்க விமானப் படையின் 115 ஆண்களிடம் செய்த ஆய்வு அது. ஓடிய தூரத்துக்கும் உடல் எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச ஆக்சிஜனுக்கும் கோரிலேஷன் 0.897. மீட்டரில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுக்கும் அந்தச் சூத்திரத்தை நம் ஊர் மைதானங்களிலும் பயன்படுத்துகிறார்கள். 2400 மீட்டர் ஓடினால் 42.4 வரும், அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 42.4 மில்லிலிட்டர் ஆக்சிஜன். நல்ல சோதனை, அதில் சந்தேகம் இல்லை. அந்த 0.897 வந்தது உடற்திறனில் பலவகைப்பட்ட கூட்டத்திலிருந்து. ஏற்கெனவே பயிற்சி பெற்ற இருபது கால்பந்து வீரர்களிடம் அதே எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் சூத்திரம் தரும் 42.4ஐயும் தசமத்தோடு நம்பி ஒருவரை அணியிலிருந்து நீக்கவும் கூடாது.

இரண்டு கருவிகள் ஒரே மாதிரி அளக்கின்றனவா என்ற கேள்வியையும் தம்பி இதோடு சேர்த்துக் கேட்டான். அதற்குக் கோரிலேஷனும் சரிவராது, சாதாரண ரிக்ரெஷனும் சரிவராது. ஒரு ஸ்டாப்வாட்ச் எப்போதும் அரை வினாடி கூட்டிக் காட்டினாலும் மற்றதோடு அதன் கோரிலேஷன் 1 வரலாம். மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் எழுதியபடி, ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை எடுத்து, அதை அந்த இரண்டின் சராசரிக்கு எதிராக வரைந்து பார்க்க வேண்டும். அது தனி வேலை.

இரண்டாவது மாறியைச் சேர்த்தபோது

கோரிலேஷனால் செய்யவே முடியாத ஒன்றைக் கடைசியாகச் செய்தோம். 200 மீட்டர் நேரத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் 23 பேரில் கோரிலேஷன் மைனஸ் 0.82. பி மதிப்பு மிக மிகச் சிறியது. தடை ஓட்டத்துக்கும் நீளத்துக்கும் மைனஸ் 0.89. இரண்டு தனித்தனிக் கோரிலேஷனைப் பார்த்தால் இரண்டையும் அளப்பது இரண்டு மடங்கு பயன் தரும் என்று தோன்றும். ஆனால் தடை ஓட்டத்துக்கும் 200 மீட்டருக்கும் இடையிலேயே 0.82 இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வேகத்தைத்தான் அளக்கின்றன.

இரண்டையும் ஒரே ரிக்ரெஷனில் போட்டேன். 200 மீட்டர் நேரம் ஒரே அளவில் இருக்கும் இருவரில், தடை ஓட்டத்தில் ஒரு வினாடி மெதுவானவர் 55 சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டுகிறார். இடைவெளி 27 முதல் 82 வரை. தடை ஓட்ட நேரம் ஒரே அளவில் இருக்கும் இருவரில், 200 மீட்டரில் ஒரு வினாடி மெதுவானவர் 11 சென்டிமீட்டர் குறைவு, ஆனால் இடைவெளி 26 சென்டிமீட்டர் குறைவிலிருந்து 4 சென்டிமீட்டர் கூடுதல் வரை போகிறது. சுழி அதற்குள் இருக்கிறது. கோட்டைச் சுற்றிய சிதறல் 18.8 சென்டிமீட்டரிலிருந்து 18.3 ஆனது. அரை சென்டிமீட்டர் லாபத்துக்கு ஒரு முழுச் சோதனை.

தனியாகப் பார்த்தால் 0.82, சேர்த்துப் பார்த்தால் நடைமுறையில் புதிதாக ஒன்றும் இல்லை. 200 மீட்டர் நேரம் நீளம் தாண்டுதலுக்கு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. தடை ஓட்ட நேரம் கையில் இருக்கும்போது கணிப்புக்கு அது பெரிதாக எதையும் கூட்டவில்லை, அவ்வளவே. எண்கள் குறைவு என்பதால் இடைவெளிகளும் அகலம். 23 பேருக்கு இரண்டு மாறிகளே அதிகம், மூன்றாவதைச் சேர்க்க நான் விடவில்லை. தம்பிக்குக் குண்டு எறிதலையும் உள்ளே தள்ள ஆசை.

அவன் தன் அறிக்கைக்கு எழுதிக்கொண்டு போன மாதிரி வாக்கியம் இது: "தடை ஓட்டத்தில் 12.69 முதல் 14.85 வினாடி வரை ஓடிய 23 வீராங்கனைகளில், ஒரு வினாடி கூடும்போது நீளம் சராசரியாக 0.71 மீட்டர் குறைந்தது (95 சதவீத இடைவெளி 0.55 முதல் 0.87 வரை), எஞ்சிய சிதறல் 0.19 மீட்டர். இந்த எல்லைக்கு வெளியே உள்ள ஒருவரைச் சேர்த்தால் சாய்வு 0.59 ஆகிறது. தரவுப் பிழையால் ஒரு வரிசை நீக்கப்பட்டது." கோரிலேஷன் எண்ணை எங்கே போடுவது என்று கேட்டான். வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள் என்றேன். அவன் கல்லூரித் தரவில் கைப்பிடி வலிமையும் குண்டும் இருக்கின்றன. அடுத்த வாரம் அதைத் திறக்கும்போது முதலில் நகல் வரிசைகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.